காலில்லாத மாதா

மாதாவுக்கு உடம்பு இல்லை.

றெக்ஸ் துணியைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், நம்பாமல் மறுபடி தூக்கிப் பார்த்தார். முகம் இருந்தது. கழுத்தும் தோளும் ஒழுங்காக இருந்தன. அதற்குக் கீழே தரை வரைக்கும் மெல்லிய மரச் சட்டங்களை வட்டமாக நிறுத்தி ஆணி அடித்திருந்தது, கோழி அடைக்கிற கூடு மாதிரி. இடுக்கால் எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

“மிச்சம் எங்கை?” என்று கேட்டார்.

“என்ன மிச்சம்?” என்றாள் லிகாயா.

மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டின் பின்பக்கத்துக் கராஜ் அது. கார் நிற்கவேண்டிய இடத்தில் மரத்துண்டுகளும் உளிகளும் நின்றன. லிகாயா பிலிப்பினோக்காரி, பகலில் முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டுகிறவள். வேலை முடிந்து வந்தால் இந்தக் கராஜில் சிற்பி. றெக்சின் மனுசி றோசாவும் அதே இல்லத்தில்தான் வேலை செய்தாள். றோசாவை லிகாயா ‘ஆத்தே’ என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அது அக்கா. அந்த முறையில் றெக்ஸ் அவளுக்குக் ‘குயா’, அண்ணை. அவளும் அவரும் கதைப்பது பாதி இங்கிலீஷ், கால்வாசி பிரெஞ்சு, மீதி கை அசைப்பு. ஆனாலும் அது றெக்சின் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

றோசா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவள் நினைவாகக் கோயிலுக்கு ஒரு மாதா சொரூபம் கொடுப்பதென்று றெக்ஸ் நேர்ந்திருந்தார். கோயிலில் இருந்த பழைய மாதா சாந்தில் வார்த்தது. மூக்கு நுனி உதிர்ந்துபோய், ஒவ்வொரு ஆவணித் திருநாளுக்கும் யாராவது பக்திமான் பெயின்ற் பூசிப் பூசி, வரவர வேறு யாரோ ஒரு பெண்ணாக மாறிக்கொண்டிருந்தது. திருநாள் கொமிற்றித் தலைவர் அருமைராசாவுக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் இறக்கத்தான் ஆசை. லிகாயாவிடம் கொடுப்போம் என்று றெக்ஸ் சொன்னபோது அவர் சிரித்தே விட்டார்.

“பிலிப்பினோ ஆக்கள் பிள்ளை பாக்கிறவை, வயசுபோன ஆக்களைப் பாக்கிறவை. சிலையும் செய்வினமோ?”

எங்களைப் பார்த்து யாராவது வெள்ளைக்காரர் ‘நீங்கள் கோப்பை கழுவுகிறவர்கள்தானே’ என்றால் நாங்கள் பரம்பரைப் பெருமை முழுவதையும் அவிழ்த்துக் கொட்டுவோம். அடுத்த வீட்டுச் சனத்தைப் பற்றி அதையே நாங்கள் சொல்லும்போது மட்டும் அது சும்மா பகிடி. றெக்ஸ் அன்று பிடிவாதமாக நின்றார். றோசாவின் சிநேகிதி செய்தால் றோசா சந்தோசப்படுவாள் என்ற ஒரு நியாயத்துக்கு மேல் அவரிடமும் வேறு நியாயம் இருக்கவில்லை. இப்போது திருநாளுக்கு ஒரு கிழமை இருக்கிறது, மாதாவோ கோழிக்கூட்டின் மேல் நிற்கிறா.

“நான் தந்த படத்தில மாதா முழுசா இருந்தாவே, லிகாயா!”

“நீங்கள் தந்த படத்தில மாதா உடுத்திருந்தா, குயா. நீலப் பட்டு, சரிகை, முக்காடு. அதைப் பாத்துத்தான் செய்தன்.”

“உடுப்புக்குள்ள உடம்பு இருக்கத்தானே வேணும்?”

“உடுப்பிச்ச பிறகு ஆர் பாக்கப் போயினம்?” என்றாள் லிகாயா. அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

குழப்பம் இவ்வளவுதான். எங்களுடைய ஆட்களுக்கு மாதா என்றால் முழுச் சொரூபம். பட்டும் சரிகையும் அதற்கு மேலே ஆசைக்குச் சாத்துவது. லிகாயாவின் நாட்டுப் பழைய கோயில்களிலோ முகத்தையும் கையையும் மட்டும் சிற்பி செதுக்குவான், உடம்புக்குச் சட்டம் அடிப்பான், மீதியை உடுப்பு பார்த்துக்கொள்ளும். அந்த உடுப்பைத் தைப்பதும் திருநாளுக்குத் திருநாள் மாற்றுவதும் பெண்களுக்குப் பெரிய மரியாதை. சொரூபம் கேட்டபோது அவரும் இதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தை யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

றெக்ஸ் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்தார். சுவரில் ஒட்டியிருந்த படங்கள்தான் கண்ணுக்கு முன்னால் இருந்தன. ஒன்றில் நெல்வயல், குனிந்து நிற்கிற பெண்கள், அவர்களுக்குப் பின்னாலிருந்து விழுகிற வெயில். அந்த வெயில் அவர்களுடைய தோளையும் தலைத்துணியையும் ஓரம் கட்டியிருந்தது. வேறு நேரமாக இருந்தால் நல்ல படம் என்று சொல்லியிருப்பார்.

“அது அமோர்சோலோ,” என்றாள் லிகாயா, அவர் பார்ப்பதைக் கண்டு. “எங்கட நாட்டில தேசியக் கலைஞர் எண்ட பட்டத்தை முதல்முதல் அவருக்குத்தான் குடுத்தவை. அப்பிடி வெயிலைப் பிடிக்க இன்னொரு ஆள் வரேல்லை. மற்றது தொலெந்தினோ செய்த சிலை. எங்கட யூனிவர்சிட்டியில நிக்குது. நான் சிற்பம் படிக்கிற காலத்தில ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் போறனான்.”

மற்றப் படத்தில் ஒரு இளைஞன் கைகள் இரண்டையும் விரித்து, முகத்தை வானத்துக்குக் கொடுத்தபடி நின்றான். இலை ஒன்றைத் தவிர அவன் மேல் பொட்டுத் துணி இல்லை.

“இவருக்குக் கால் இருக்குதே!” என்றார் றெக்ஸ். வழக்கில் சாட்சி அகப்பட்ட வக்கீலின் குரல்.

“அவருக்கு உடுப்பு இல்லை, குயா. அதால கால் இருக்கு.”

கோபத்துக்கு நடுவிலும் றெக்சுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. அடக்கிக்கொண்டார். விஷயம் சிரிக்கிற விஷயம் இல்லை. பவனி முடிந்ததும் சனம் வரிசையாக வந்து மாதாவின் பாதத்தைத் தொட்டு, தொட்ட விரலை முத்தி, சிலுவை போட்டுக்கொள்ளும். அந்த ஒரு தொடுகைக்காகத்தான் லாவாலிலிருந்தும் ஒட்டாவாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காலில்லாத மாதாவின் எந்த இடத்தைத் தொடுவது?

இதை அவர் சொல்லி முடித்ததும் லிகாயாவின் முகம் மாறியது. “எங்கட ஆக்கள் காலைத் தொடமாட்டினம்,” என்றாள். “பெரியாக்களைக் கண்டால் அவையின்ர கையை எடுத்து எங்கட நெத்தியில வைப்பம். மானோ எண்டு சொல்லுறது. மாதாவிட்டையும் அதைத்தான் கேப்பினம் எண்டு நினைச்சன். அதால கைக்குத்தான் கனநாள் எடுத்தது.”

அலுமாரியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து வந்து அவருடைய மடியில் வைத்தாள். றெக்ஸ் அவிழ்த்தார். இரண்டு கைகள். மணிக்கட்டில் செருகுவதற்கு முளை. இடது கை நெஞ்சில் வைப்பதற்காக மடிந்திருந்தது. வலது கை புறங்கை மேலே தெரிய முன்னால் நீண்டிருந்தது. விரல் மொளிகள் கொஞ்சம் தடித்து, பெருவிரல் நகம் சற்று அகன்று, சின்னவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளியே சரிந்து.

அந்தச் சின்னவிரலை றெக்சுக்குத் தெரியும். மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் கார்க் கதவில் நசுங்கிய விரல். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவர் கத்தக் கத்த, வேலைக்குப் பிந்திப்போகும் என்று றோசா துணியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வளைந்தது வளைந்ததுதான்.

“முகம் மாதாவின்ர,” என்றாள் லிகாயா மெதுவாக. “அதில நான் ஆரையும் வைக்கேல்லை. கை ஆத்தேயின்ர. உங்களிட்டைக் கேட்டிருக்க வேணும். பிழையெண்டால் வேற செய்து தாறன்.”

றெக்ஸ் பொட்டலத்தைக் கட்டினார். சட்டத்தையும் முகத்தையும் போர்வையில் சுற்றி அவருடைய வான் வண்டியில் ஏற்றினார்கள். கைகளை மட்டும் முன்சீற்றில் தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கர்க்லாண்டில் இருக்கிற தன் வீட்டுக்கு ஓட்டினார். அவர் ஸ்கூல் பஸ் சாரதி. நாற்பதாம் நெடுஞ்சாலையில் ஒரு நாளும் இவ்வளவு மெதுவாகப் போனதில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹோர்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வலது கையைக் குசினி மேசையில் வைத்தார். மல்லாத்தி வைத்தால் ஆடியது. கவிழ்த்து வைத்தால் ஒரு பக்கம் சரிந்தது. கடைசியில் சர்க்கரைப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அந்த மேசையில் தனியாக இல்லை என்று இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன்னைப் பார்த்தே வெட்கமாகவும் இருந்தது.

இந்தக் கையை எப்படிக் கொடுப்பது? ஊர் உலகமெல்லாம் வந்து தொடும். குழந்தைகள் இழுக்கும். அருமைராசா போய் மைக்கால் இடிப்பார். திருநாள் முடிந்ததும் மாதாவைப் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கம்பி அடைப்பார்கள். பிறகு தன் மனுசியின் கையைப் பார்க்க அவர் பூசை நேரம் பார்த்துப் போகவேண்டும். நேர்ந்தது சொரூபத்தைத்தான், றோசாவை இல்லை என்று தனக்குத்தானே வாதாடினார். அடுத்த நாள் காலை லிகாயாவுக்குப் போன் எடுத்தார்.

“வேற கை செய்யுங்கோ. இது என்னோட இருக்கட்டும்.”

“செய்யலாம், குயா. ஆனா திருநாளுக்கு முடியாது. அவசரத்துக்குக் கை வராது.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அந்த வசதியும் அவருக்குக் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கோயில் நிலவறை மண்டபத்துக்கு மாதா வந்தா. அருமைராசா சட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்தார்.

“அண்ணை, கால் இல்லை. சரி. கை?”

“பெயின்ற் இன்னும் காயேல்லை,” என்றார் றெக்ஸ். கைகள் இரண்டும் வெளியே வான் வண்டிக்குள், ஒரு பழைய துவாயில் சுற்றி இருந்தன. வீட்டில் தனியாக விட்டுவர மனம் வரவில்லை.

“காலும் இல்லை, கையும் இல்லையெண்டால் நாங்கள் நாளைக்கு என்னத்தைத்தான் பவனி கொண்டு போறது? கப்பலில இறக்குவம் எண்டு நான் அப்பவே சொன்னனான்.”

“உங்கட கப்பல் கதையை விட்டிட்டு வெளியில போங்கோ,” என்று பிலோமினம்மா அதட்டினா. கோயிலில் பீடம் சோடிக்கிறது, பூக் கட்டுகிறது எல்லாம் பிலோமினம்மாவின் ராச்சியம். மாதாவுக்கு உடுப்பிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதுமே அவவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இத்தனை வருடமாகச் சாந்து மாதாவுக்கு ஒரு முக்காடு மாற்றுவதற்குக்கூட கொமிற்றியைக் கேட்கவேண்டியிருந்தது. இப்போது முழு மாதாவும் கையில் கிடைத்திருக்கிறா. ஆண்களைக் கலைத்துவிட்டு, திரை கட்டி, இன்னும் இரண்டு பெண்களோடு நீலப் பட்டுச்சேலையைக் கொசுவி உடுத்தத் தொடங்கினா.

திரை விலகியபோது றெக்ஸ் எழுந்து நின்றுவிட்டார். கோழிக்கூட்டைக் காணவில்லை. கொசுவம் தரை வரைக்கும் அலையாய் இறங்க, ஒரு தாய் நின்றா. சேலைக்குள் ஆள் இல்லை என்று அடித்துச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் முந்தானைக்குக் கீழே இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தது. பிள்ளையைத் தூக்க முடியாத தாய் மாதிரி அந்த முகம் கொஞ்சம் தவித்தது. காலையில் அதே முகத்தில் அந்தத் தவிப்பு இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

“கை வந்தால்தான் முந்தானையை மடிச்சு ஊசி குத்தலாம்,” என்றா பிலோமினம்மா. “எப்ப காயும்?”

அந்த நேரம் பார்த்து லிகாயா நாலைந்து சிநேகிதிகளோடு படியால் இறங்கி வந்தாள். நாளைக்குப் பவனி முடிந்ததும் மாதாவுக்கு முன்னால் தங்களுடைய விளக்கு நடனத்தை ஆடுவதற்கு ஃபாதரிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள், ஒத்திகைக்கு வந்திருந்தார்கள். பிலோமினம்மா அவளையும் பிடித்துக்கொண்டா. “நீர்தானே செய்தது? கை இன்னும் காயேல்லையோ?”

லிகாயா மாதாவைப் பார்த்தாள். பிறகு றெக்சைப் பார்த்தாள்.

“ஓம்,” என்றாள். “காயேல்லை.”

தனக்காக அவள் பொய் சொன்னது றெக்சைச் சுட்டது. சொந்தப் பொய் அவ்வளவு சுடவில்லை.

ஒத்திகை தொடங்கியது. பெண்கள் கண்ணாடிக் குவளைக்குள் எரிகிற விளக்குகளை எடுத்தார்கள். ஒன்று தலையில், இரண்டு புறங்கைகளில். பிடிப்பு ஒன்றும் கிடையாது. அப்படியே சுழன்றார்கள், முழங்காலில் இறங்கினார்கள், எழுந்தார்கள். சுடர் அசைந்தது, குவளை அசையவில்லை. அருமைராசா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். லிகாயா ஆடவில்லை. றெக்சுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள்.

“லிகாயா,” என்றார் கடைசியில், “றோசா உங்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டு எப்பிடி இருந்தவள்? வீட்டில ஒரு நாளும் ஓரிடத்தில இருக்கமாட்டாளே.”

“ஆத்தே எங்கை இருந்தா? அவ நிண்டு வேலை செய்யேக்க, எனக்கு ஓய்வு நேரம் வந்தால் ஒரு மூலையில நிண்டு அவவின்ர கையைப் படமாக் கீறுவன். வாயில சாப்பாடு தீத்துற கை. குளிக்கப் பயப்பிடுற கிழவியைப் பிடிக்கிற கை. கண் தெரியாத ஒரு கிழ மிசியே இருந்தார். படுக்க முதல் ‘றோசா, கை’ எண்டு கேப்பார். அவர் நித்திரை கொள்ளுமட்டும் பிடிச்சுக்கொண்டு நிப்பா. அந்தக் கையைத்தான் செதுக்கினன். அது சும்மா இருக்கிற படம் ஒண்டும் என்னட்டை இல்லை, குயா. தேடிப் பாத்தனான்.”

றெக்சுக்கு அந்தக் கை ஏன் மேசையில் ஆடியது என்று அப்போது விளங்கியது. உள்ளங்கை குழிந்திருந்தது, அதற்குள் வேறு ஒரு கை வந்து இருப்பதற்காக. சர்க்கரைப் போத்தலில் சாய்த்து வைக்கிற கையா அது? அவருக்கு அழுகை வந்தது. பொறாமையும் வந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. அவர் வீட்டில் தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்த்த எத்தனையோ மாலைகளில் அவள் யாரோ ஒரு கிழவனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிந்தி வந்ததற்கு அவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்திருக்கிறார். அவளும் ஏன் என்று சொன்னதில்லை.

எழுந்து வானுக்குப் போனார். துவாயோடு திரும்பி வந்து பிலோமினம்மாவிடம் நீட்டினார்.

“காய்ஞ்சிட்டுது.”

பிலோமினம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. றோசாவின் விரலை அவ கண்டுபிடித்துவிடுவாவோ என்று றெக்ஸ் பயந்தார். “நல்ல வேலைக்காரக் கை,” என்று சொல்லிவிட்டு அவ முளைகளைத் துளைகளில் செருகித் திருகினா, முந்தானையை மடித்தா, ஊசி குத்தினா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. றோசாவோடு எத்தனை வருடம் பக்கத்தில் நின்று பூக் கட்டியவ! ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று பயந்த மனிதருக்கு, ஒருவருக்கும் தெரியவில்லையே என்று இப்போது நொந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக எறித்தது. மாதா கோயிலைச் சுற்றித் தெருவழியே பவனி போனா. பல்கனிகளில் நின்ற சனம் போன் எடுத்துப் படம் பிடித்தது. திரும்பி வந்து முற்றத்தில் இறக்கி வைத்ததும் வரிசை கூடியது. முதலில் வந்த ஞானேந்திரன் பழக்கத்தில் குனிந்தார், பாதத்தைத் தேடினார், சேலைக் கொசுவத்தைத் தடவினார், என்ன செய்வதென்று தெரியாமல் நிமிர்ந்தார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் சேலையைத் தூக்கி உள்ளே பார்க்கப் போய், தாயிடம் ஒன்று வாங்கினாள்.

அருமைராசா மைக்கைப் பிடித்தார். என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை. மைக் மட்டும் கீச்சிட்டது.

அப்போது லிகாயா முன்னே போனாள். மாதாவின் வலது கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, தலையைத் தாழ்த்தி, அந்தப் புறங்கையில் நெற்றியை வைத்தாள். நிமிர்ந்து விலகிப் போய்விட்டாள். ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. ஞானேந்திரன் நெற்றியை வைத்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. சிலர் நெற்றியை வைத்தார்கள், சிலர் முத்தினார்கள், சில கிழவிகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக் கதை முழுவதையும் சொல்லத் தொடங்கினார்கள். பிலோமினம்மா நின்று வரிசையை நகர்த்தவேண்டியிருந்தது. பக்கத்தில் விளக்கு நடனம் நடந்தது. வெயிலில் சுடர் சரியாகத் தெரியவில்லை, ஆடியவர்களும் அதைப் பொருட்படுத்தவில்லை.

றெக்ஸ் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒவ்வொருவரும் தொடத் தொட நெஞ்சு அடைக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் அடைக்கவில்லை. வரிசை முடிந்து சனம் சாப்பாட்டுப் பக்கம் சாய்ந்த பிறகுதான் முன்னே போனார். கையைப் பிடித்தார்.

மரம் சூடாக இருந்தது.

அத்தனை உள்ளங்கைகளும் நெற்றிகளும் தொட்டுத் தொட்டு விட்டுப்போன சூடு. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் பிடித்திருந்தபோது றோசாவின் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிரைத்தான் இந்த ஒரு வருடமும் அவர் தன் கைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். இப்போது வளைந்த சின்னவிரல் அவருடைய விரல்களுக்கு இடையில் பழையபடி வந்து பொருந்தியது. குனிந்து நெற்றியை வைத்தார். “றோசா,” என்றார், அவருக்கே கேட்காத குரலில். நெற்றியை எடுக்க மனம் வரவில்லை.

“றெக்ஸ் அண்ணை.” பின்னால் அருமைராசா நின்றார். மைக்கை எங்கேயோ வைத்துவிட்டு, வெறுங்கையோடு, கொஞ்சம் கூச்சத்தோடு. “நான் இன்னும் தொடேல்லை.”

றெக்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.